வெள்ளித் தொண்டை

எங்கள் யாழ்ப்பாணச் சனத்திற்கு ஒரு பழக்கம் உண்டு. திரையில் எவ்வளவு வடிவான பெண் வாயைத் திறந்து பாடினாலும், அவளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் "பின்னணி ஆர்?" என்று கேட்டுவிடுவோம். முகம் ஒருத்தி, குரல் இன்னொருத்தி என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. அப்படிப்பட்ட சனம், இத்தாலியின் பலெர்மோ நகரில் இத்தனை வருடமாக ஸ்டெஃபானி அக்காவைப் பார்த்து அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனைக்கும் என் தொழிலே சவுண்ட்.

தொழில் என்றேனே தவிர, பிழைப்பு அது இல்லை. பிழைப்புக்கு நான் ஒரு அடுக்குமாடி வாசலில் காவல் இருக்கிறேன். மாடியில் இருக்கும் சிஞ்ஞோராக்களின், அதாவது சீமாட்டிகளின், பைகளைத் தூக்கி, அவர்களின் நாய்க்குட்டிகளுக்கு வணக்கம் சொல்வது அந்த வேலை. சனி ஞாயிறில்தான் நான் மனிதன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எதுவென்றாலும் இந்த இராயப்புவின் ஸ்பீக்கர்தான் முழங்கும். கூட்டச் சொல்வார்கள், குறைக்கச் சொல்வார்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வார்கள்.

ஸ்டெஃபானி அக்கா மொரிஷியஸ்காரி. முப்பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம். மொழி போய்விட்டது, தைப்பூசக் காவடி மட்டும் மிஞ்சியது. இருபது வயதில் வீட்டு வேலைக்கு பலெர்மோ வந்தவள், ஒரு கோடையில் மொண்டெல்லோ கடற்கரையில் எசமானியின் பிள்ளைகளைக் குளிக்க விட்டுவிட்டு, பக்கத்து பாரில் கேட்ட பாட்டுக்கு மணலில் ஆடியிருக்கிறாள். அதை ஒரு இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பார்த்துவிட்டார். டிஸ்கோ காய்ச்சல் ஊரெல்லாம் அடித்த காலம். கறுத்த நிறமும் நீண்ட காலும் எங்கேயோ ஒரு தீவும் இருந்தால் போதும் என்று நினைத்தவர், அவளுக்கு 'ஜாவா' என்று பெயர் வைத்தார். மொரிஷியஸுக்கும் ஜாவாவுக்கும் நடுவில் எவ்வளவு கடல் கிடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, ஆட வந்த சனத்துக்கும் அக்கறை இல்லை. எங்களுக்கோ ஜாவா என்றால் பழைய மோட்டார் சைக்கிள்.

மூன்று பாட்டுகள் வெளிவந்தன. இரண்டு மண்ணைக் கவ்வின. மூன்றாவதான 'நொத்தே தி சாலே', அதாவது உப்பு இரவு, சிசிலித் தீவு முழுக்க ஒரு கோடை ஓடியது. தங்கநிற மினுமினுப்புச் சட்டை, முழங்கால்வரை சப்பாத்து, தலையில் ஒரு தோகை. கடற்கரை டிஸ்கோக்கள், ஊர்த் திருவிழாக்கள், உள்ளூர்த் தொலைக்காட்சி, ஜெர்மனியில் ஒரு சுற்று. மேடையை இழந்தவள் நேரே குனிந்து தரை துடைத்தாள் என்று சொன்னால் உருக்கமாக இருக்கும். உண்மையில் அவள் வேலையை விடவே இல்லை. கிழமை நாளில் தரை துடைத்தாள், சனிக்கிழமை ஜாவாவாக இருந்தாள். பிறகு டிஸ்கோ போனது, தயாரிப்பாளர் மிலானுக்குப் போய் போன் எடுப்பதை நிறுத்தினார், சனிக்கிழமையும் தரை துடைக்கும் நாளாகிவிட்டது. அவ்வளவுதான் அந்தப் புகழின் வரலாறு.

விமலராஜ் அண்ணை அந்தப் புகழின் கடைசிப் படியில் வந்து சேர்ந்தவர். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஊர்த் திருவிழாவில் ஜாவாவைப் பார்த்தார், மறுநாளே கசெற் வாங்கினார், அடுத்த வருடம் அவளையே கலியாணம் செய்தார். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் முடிக்கலாம் என்பார்கள். இவர்களுக்கு ஒரு பொய்யே போதுமாக இருந்தது, அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா அவரிடம்தான் தமிழ் படித்தாள். யாழ்ப்பாணத் தமிழை மூக்கால் பேசுவாள், கேட்க நன்றாக இருக்கும்.

ஆனால் பாடமாட்டாள். கலியாண வீட்டில் கேட்டார்கள், தொண்டை சரியில்லை என்றாள். பிறகும் கேட்டார்கள், களைப்பு என்றாள். மகள் பிறந்து, காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஆஸ்பத்திரியில் கைவிட்ட பிள்ளை பிழைத்து வந்த வருடத்தில், அவளுக்கு எல்லாக் காலத்துக்கும் போதுமான ஒரு காரணம் கிடைத்தது.

"பிள்ளை தப்பினால் என்ரை குரலை சாந்தா றொசலியாவுக்குக் குடுக்கிறனெண்டு நேர்த்தி வைச்சனான். இனிப் பாடமாட்டன்."

சாந்தா றொசலியா பலெர்மோவின் காவல் புனிதை, ஊருக்கு மேலே மலைக்குகையில் படுத்திருக்கிறாள். இந்து, கிறிஸ்தவம் என்று பாராமல் எங்கள் சனம் முழுக்க அவளிடம்தான் ஏறும். நேர்த்தி என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்களில் ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். சாமியோடு செய்த ஒப்பந்தத்தில் மூன்றாம் ஆளுக்கு என்ன வேலை? விமலராஜ் அண்ணை வாய் திறக்காதது மட்டுமல்ல, மனைவி குரலைக் கொடுத்தாள் என்பதற்காக ஒவ்வொரு செப்டம்பரும் வெறுங்காலோடு அந்த மலை ஏறினார்.

இப்படியே போயிருக்கும். ஜெனனி குழப்பினாள். மொண்டெல்லோவில் கடற்கரைக் கிளப் ஒன்றில் நிகழ்ச்சி ஒழுங்கு செய்யும் பிள்ளை, இங்கேயே பிறந்தவள். ஆகஸ்டில் பழைய டிஸ்கோ மாலை ஒன்று வைக்க யூடியூபைக் கிளறியவள், தோகை வைத்த ஜாவாவைப் பார்த்துவிட்டாள். நேரே அக்காவின் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மடோன்னா மியா, அன்ரி! நீங்கதானா இது? நீங்க லைவ்வா பாடோணும், பாஸ்தா, வேற கதையே இல்லை!"

அக்கா வழக்கமான பதிலைச் சொன்னாள். வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். அன்றைக்கு விமலராஜ் அண்ணை கதிரையில் இருந்து எழும்பினார். அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இரண்டு காதிலும் கருவி. இந்த வருடத்துக்கு மேல் அதுவும் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"காது போக முதல் ஒருக்கா நீ பாடிக் கேக்கோணும்," என்றார். "கசெற்றிலை இல்லை. நேரை."

"நேர்த்தியப்பா."

"நேர்த்தியை மாத்திக் குடுக்கலாம். ஊரிலை கண்ணுக்கு வெள்ளிக்கண், காலுக்கு வெள்ளிக்கால் குடுக்கிறேல்லையே? குரலுக்குத் தொண்டை குடுப்பம்."

அந்த மலைக்குகைச் சுவரிலும் வெள்ளிக் கண்ணும் காலும் தொங்குவதை அவர் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். புனிதைகளும் எங்கள் அம்மன்களும் வாங்கும் கையூட்டு ஒன்றுதான். பழைய சந்தைப் பக்கம் வெள்ளி வேலை செய்பவனிடம் போய்த் தொண்டை கேட்டிருக்கிறார். ஆண் தொண்டையா பெண் தொண்டையா என்று அவன் கேட்டானாம். ஜூலை வெயில் தார் உருக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், உள்ளங்கை அளவு வெள்ளித் தொண்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எழுபதைத் தாண்டிய மனிதர் வெறுங்காலோடு ஏறினார். அங்கே இருந்த பாதரும் பெருந்தன்மையாக, புனிதை சம்மதிப்பாள் என்று சொல்லிவிட்டார். இறங்கி வந்தபோது இரண்டு பாதமும் கொப்பளம்.

அடுத்த நாள் ஸ்டெஃபானி அக்கா என் கராஜுக்கு வந்தாள். ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"இராயப்பு, நான் பாடினதே இல்லை."

"தெரியும்தானே அக்கா. நேர்த்தி."

"நேர்த்திக்கு முதலும் பாடேல்லை. அது என்ரை குரலில்லை. பகேரியாவிலை அசுன்தா எண்டொரு பொம்பிளை பாடினது. மாதா கோயில் கொயரிலை பாடுறவள். ஆள் கொஞ்சம் தொக்கை, பெரிய உடம்பு, தொலைக்காட்சிக்குச் சரிவராதெண்டு என்னை ஆட விட்டவை. நான் நேர்த்தியும் வைக்கேல்லை. பாடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அரியண்டம் தாங்கேலாமல் சொன்னது."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு என்மேலேயே கோபம் வந்தது. ஸ்பீக்கரோடு படுத்து எழும்பும் எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

"அண்ணையிட்டை உண்மையைச் சொல்லுங்கோவன்."

"சொல்லலாம். அந்த மனுசன் அந்தக் கசெற்றைத்தான் கலியாணம் கட்டினது. காது போற நேரத்திலை அதையும் பறிக்கட்டே?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கொப்பளத்துக்கு மருந்து போடேக்கை என்னைப் பாத்துச் சிரிக்கிறார், இராயப்பு."

இசைத்தட்டைப் போட்டுவிடு, நான் வாயசைக்கிறேன் என்பது அவள் திட்டம். ஒருமுறை செய்து பார்த்தோம். தட்டுச் சுற்றியது, நான் சத்தத்தைக் கூட்டினேன், அவள் கம்பி வெட்டிய மைக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கராஜ் நடுவில் நின்றாள். அறுபத்தாறு வயது காணாமல் போய்விட்டது. இடுப்பு, தோள், வாய் எல்லாம் ஒரு இமை பிசகாமல் பாட்டோடு போயின. கழுத்து நரம்புகூடப் புடைத்தது.

"உதென்னெண்டு நரம்பு புடைக்குது?"

"சும்மா வாயை அசைச்சால் கழுத்துக் காட்டிக் குடுத்துப்போடும். முழுக்கப் பாடோணும், தொண்டை கிழியப் பாடோணும். மைக்கின்ரை வயரை மட்டும் மேசையிலை குத்தக்கூடாது. அதுதான் தயாரிப்பாளரின்ரை கட்டளை. ஒருநாளும் ஒருத்தரும் குத்தேல்லை."

தொழில் நுட்பம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஆனால் திட்டம் உதவாது என்று சொல்லிவிட்டேன். அறுபத்தாறு வயது வாயில் இருந்து நாற்பது வருடத்துக்கு முந்திய இளங்குரல் வந்தால், காது போனவரும் பிடித்துவிடுவார். பாட்டுக்கும் வயது ஏறியிருக்க வேண்டும்.

அப்படித்தான் நாங்கள் இருவரும் ரயிலேறி பகேரியா போனோம். அசுன்தா இரண்டாம் மாடியில் தனியாக இருந்தாள். எழுபத்தாறு வயது, கைத்தடி, இன்னும் பெரிய உடம்பு. அவளும் அக்காவும் வாழ்க்கையில் சந்தித்தது ஒரே முறைதானாம், அதுவும் பதிவுக்கூடத்து நடைக்கூடத்தில். கதவைத் திறந்து அக்காவை மேலும் கீழும் பார்த்து, "வாருங்கள், என் முகம் வந்திருக்கிறது," என்றாள்.

கோப்பி தந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"பாடுகிறேன்," என்றாள் கடைசியில். "ஆனால் திரைக்குப் பின்னால் திருடி மாதிரி நிற்கமாட்டேன். அந்தப் பாட்டை நான் கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பாடினேன். முன்னால் ஒரு சுவர். ஊரெல்லாம் ஆடியது என்று சொன்னார்கள். ஆடியதை நான் பார்த்ததில்லை. ஆடுகிறவர்கள் தெரிகிற இடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்."

என் மேசைக்குப் பக்கத்தில் போடுவதாகச் சொன்னேன். சவுண்ட் மேசை எப்போதும் சனத்துக்குப் பின்னால்தான் இருக்கும். மேடையைப் பார்க்கிற சனம் என்னைத் திரும்பிப் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை, சத்தம் நின்றால் ஒழிய.

நிகழ்ச்சி நாள் வெயில் சாய்ந்ததும் கிளப் நிறைந்துவிட்டது. மணல்மேல் பலகை அடித்த ஆட்டத்தளம். அரைக் காற்சட்டையில் கிழவர்கள், பேரப்பிள்ளைகள், கையில் ஐஸ்கிறீம். எங்கள் சனம் கலியாணத்துக்கு வருவதுபோலச் சேலை கட்டி இரண்டு வரிசை பிடித்திருந்தது. விமலராஜ் அண்ணைக்கு மேடைக்கு முன்னால், ஸ்பீக்கருக்கு நேரே ஒரு கதிரை. இரண்டு கருவிக்கும் புது பற்றறி போட்டு, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜெனனி வந்து பார்த்துவிடுவாள் என்பதால் அக்காவின் மைக்கையும் என் மேசையில் இணைத்தே வைத்திருந்தேன். விளக்கு எரிந்தது, சத்தம் கீழே இழுத்து மூடிக் கிடந்தது. மற்ற மைக் அசுன்தாவின் மடியில். ஏதாவது பிழைத்தால் போட, பழைய இசைத்தட்டின் பதிவும் தயாராக இருந்தது. நான் அவ்வளவு கவனமான ஆள்.

இசை தொடங்கியது. அக்கா அதே தங்கநிறச் சட்டையில் வந்தாள், பக்கவாட்டில் துணி வைத்துத் தைத்திருந்தாள். அசுன்தா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். முதல் வரியிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன். குரல் தடித்திருந்தது, ஓரத்தில் கரகரப்பு இருந்தது, ஆனால் பிடி விடவில்லை. மேடையில் அக்காவின் வாய் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. பல்லவி வந்ததும் சனம் எழும்பியது. வழுக்கைத் தலையர் ஒருவர் தன் மனைவியைச் சுழற்றினார். பிள்ளைகள் குதித்தன. எங்கள் சனம்கூடச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டது.

இரண்டாவது சரணத்தில் குரல் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அசுன்தாவின் மைக் மடியில் விழுந்து கிடந்தது. ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது.

"சிஞ்ஞோரா, பாடுங்கள்!"

"ஆடுகிறார்கள்," என்றாள். கண்ணீர் வழிந்தது. "பாருங்கள், ஆடுகிறார்கள்."

மேடையில் வாய் அசைந்துகொண்டிருந்தது, வெறும் இசை மட்டும் ஓடியது. ஆடியவர்கள் இரண்டொருவர் நின்றார்கள். என் வலது கை பழைய பதிவின் பொத்தானுக்குப் போனது. அந்த நேரத்தில் அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டேன். நரம்பு புடைத்திருந்தது. அவள் பாடிக்கொண்டிருந்தாள். தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள், எல்லா மேடையிலும் பாடியதுபோல. அதை ஒருவரும் ஒருநாளும் திறந்துவிட்டதில்லை. எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ, வலது கையை எடுத்துவிட்டு இடது கையால் அவளுடைய மைக்கைத் திறந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, படுமோசம். சுருதிக்குக் கீழே எங்கேயோ கிடந்தது குரல். கரட்டுக் குரல், மூக்கால் வருகிற குரல். தாளம் மட்டும் ஒரு மயிரிழை பிசகவில்லை. தன் சத்தம் ஸ்பீக்கரில் வந்து மோதியதும் அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? இன்னும் கத்திப் பாடினாள். மொண்டெல்லோ சனம், பாவம் கிழவி, தொண்டை போய்விட்டது என்று கை தட்டித் தாளம் போட்டது. எங்கள் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முதல் பாதி முழுக்க அசையாமல் இருந்த விமலராஜ் அண்ணை, கதிரையில் முன்னால் சாய்ந்தார். காதுக்கருவியைத் தடவிக் கூட்டினார். பிறகு எழும்பி நின்றார். பாட்டு முடியும்வரை இருக்கவே இல்லை.

முடிந்ததும் அவர் மேடைக்குப் போகவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவர் கையால் ஒன்று விழும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இராயப்பு, நடுவிலைதானே அவள் பாடத் தொடங்கினவள்?"

"அண்ணை, அது..."

"காதுதான் போகுது, விசர் பிடிக்கேல்லை. கதவைப் பூட்டினனியளோ, குளிசை விழுங்கினனியளோ எண்டு நாள் முழுக்கக் கேக்கிற குரல் எனக்குத் தெரியாதோ?" மூச்சு வாங்கினார். "அப்ப முன்னம் பாடினது ஆர்?"

நான் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். அவர் அசுன்தாவைப் பார்த்தார். கசெற்றில் இருந்து ஆள் இறங்கி வந்ததுபோலப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"என்ன கேட்டார்?" என்றாள் அசுன்தா என்னிடம்.

"பாடியது யார் என்று கேட்டார்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை காலத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் ஒரு செவிடர்," என்றாள்.

அதற்குள் ஸ்டெஃபானி அக்கா வந்துவிட்டாள். கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது. கணவனுக்கு முன்னால் நின்று, கேட்கவேண்டும் என்பதற்காக உரத்தே சொன்னாள். சேலை கட்டிய இரண்டு வரிசைக்கும் கேட்டது.

"நான் நேர்த்தி வைக்கேல்லை. ஒருநாளும் வைக்கேல்லை. நீங்கள் சும்மா ஏறினனியள்."

விமலராஜ் அண்ணை அவளுடைய வாயைப் பார்த்தபடி நின்றார்.

"நீ வைக்கேல்லை," என்றார். "நான் வைச்சனான். உன்ரை குரலிலை ஒரு பாட்டுக் கேக்கோணுமெண்டுதான் தொண்டை குடுத்தனான். கேட்டிட்டன். செப்டம்பரிலை நன்றி சொல்ல ஏறோணும், நீயும் வா."

"வெறுங்காலோடையோ?"

"பின்னை?"

செப்டம்பரில் இருவரும் ஏறினார்கள். எங்கள் சனமும் ஏறியது. வளைவுக்கு வளைவு அவர் பாடச் சொல்லிக் கேட்டாராம், அவளும் பாடினாளாம். பின்னால் போனவர்களுக்கு அதைக் கேட்டு மலை ஏறியதே பெரிய தவம் என்று அந்தக் கூட்டத்தில் நடந்த சந்திரமதி அக்கா வந்து என்னிடம் முறையிட்டாள். அதற்கு முந்திய கிழமை அவருடைய இடது காது முற்றாக நின்றுபோயிருந்தது. அதனால் மலை முழுக்க அவளைத் தன் வலது பக்கத்தில் நடக்கவிட்டார்.